பன்றிக்கு நொதியத் தூள்: யாருக்கு லாபம்?

பன்றி வளர்க்கும் குடும்பங்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. "சுவாமி, தீனோடு கலக்கிற என்சைம் தூள் வாங்கலாமோ? போட்டால் பன்றி கெதியாய்ப் பெருக்குமாமே?" தீன் கடைக்காரர் சொல்கிறார், விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மைத்துனரும் சொல்கிறார். மூன்று பேர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று எம்மவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நொதியங்கள் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் ஒரேயொரு வகைதான் எமது தீனுக்கு நிச்சயமான பயனைத் தரக்கூடியது. அதையும் குடும்பத்துக்கு ஒரு பொதி என்று தனித்தனியே வாங்கினால் நட்டம்; சங்கமாக வாங்கினால் மாத்திரமே லாபம். ஏனையவற்றுக்குச் செலவழிக்கும் காசை நல்ல தவிட்டுக்கும் கொஞ்சம் மீனுக்கும் செலவழிப்பது புத்தி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவேண்டியது என் கடமை.

சொந்தக் காணியில் இருக்கும் விவசாயிக்கும் இடம்பெயர்ந்த விவசாயிக்கும் பன்றி வளர்ப்பில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சொந்தக் காணிக்காரனிடம் நெல் உண்டு, அதன் தவிடு உண்டு, வேலியோரத்தில் மரவள்ளி உண்டு, பனங்காணியில் விழுந்து கிடக்கும் பனம்பழம் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுக்கும், 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வந்தவர்களுக்கும், வந்து சேர்ந்த இடத்தில் அவை ஒன்றும் இருக்கவில்லை. ஒரு துண்டுக் காணி, அதிலே ஒரு கொட்டில், கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு மூன்று பன்றி. தீன் முழுவதும் காசுக்கு. பன்றி வளர்ப்பின் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போகிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2022இல் ரூபாவின் பெறுமதியும் சரிந்தபோது சோளமும் சோயாவும் என்ன விலைக்குப் போயின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே பன்றி தின்பதில் எவ்வளவு அதன் உடம்பில் சேர்கிறது, எவ்வளவு சாணிக் கிடங்குக்குப் போகிறது என்பது எமக்குப் புத்தகப் படிப்பு அல்ல. கடன் கட்ட முடியுமா முடியாதா என்ற கேள்வி அது.

நொதியம் என்றால் என்ன?

முற்றின ஆட்டிறைச்சி வேகாவிட்டால் எங்கள் பெண்கள் ஒரு துண்டு பச்சைப் பப்பாசிக்காய் போடுவார்கள். பப்பாசிப் பாலில் உள்ள ஒரு பொருள் இறைச்சியின் புரதத்தை வெட்டி மெதுமையாக்குகிறது. அதுதான் நொதியம். அது மருந்தும் அல்ல, ஓமோனும் அல்ல, சத்தும் அல்ல. வெட்டும் கத்தி. ஒவ்வொரு கத்தியும் ஒரு பொருளை மாத்திரமே வெட்டும். மாப்பொருளை வெட்டுவது புரதத்தை வெட்டாது. வெட்டுவதற்குரிய பொருள் தீனில் இல்லையென்றால் எவ்வளவு கூர்மையான கத்தியும் சும்மாதான் கிடக்கும். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விற்பனைப் பிரதிநிதியும் உங்களை ஏமாற்ற முடியாது.

பன்றியின் வயிறு மாட்டின் வயிறு அல்ல. மாட்டுக்கு நான்கு அறை. அதன் பெரிய அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலையே கரைத்துச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. பன்றிக்கு எங்களைப் போல் ஓர் அறைதான். இரைப்பையின் அமிலமும் நொதியமும் புரதத்தை வெட்டத் தொடங்குகின்றன. சிறுகுடலில் கணையச் சாறு வந்து மாப்பொருளையும் கொழுப்பையும் மீதிப் புரதத்தையும் வெட்டுகிறது. ஆனால் தவிட்டின் நாரையும், தேங்காய்ப் புண்ணாக்கின் கடினமான சுவர்ப் பொருளையும் வெட்டும் நொதியம் பன்றியின் உடம்பில் சுரப்பதில்லை. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அவற்றில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துக் கொஞ்சம் சக்தி எடுத்துக் கொடுக்கும். பால்குடி மறந்த குட்டிக்கு அந்த வசதியும் குறைவு. வளரும் பன்றிக்கு ஓரளவு. தாய்ப்பன்றிக்கு நன்றாக உண்டு. ஒரே தவிட்டைத் தின்று தாய்ப்பன்றி கொழுத்திருக்க, குட்டி கழிந்துகொண்டு நிற்பதன் காரணம் இதுதான். குட்டிக்கு நோய் என்று ஊசி போட ஓடுமுன் அதன் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

தவிட்டுக்குள் பூட்டியிருக்கும் பொசுபரசு

இனி எமக்கு மிகவும் வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். அரிசித் தவிட்டில் பொசுபரசு ஏராளமாக உண்டு. நூறு கிலோ நல்ல தவிட்டில் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். வளரும் பன்றியின் தீனில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோவை அண்டிய பொசுபரசு போதும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் தீனில் மூன்றில் ஒரு பங்கு தவிடு போட்டாலே தேவை தீர்ந்துவிடவேண்டும் அல்லவா? ஆனால் தவிட்டை நம்பி வளர்த்த பன்றி முன்னங்கால் வளைந்து நொண்டுகிறது. பால் கொடுத்த தாய்ப்பன்றி குட்டிகளைப் பிரித்த கிழமையில் எழும்ப முடியாமல் கிடக்கிறது. எலும்பு பலவீனம்.

காரணம் என்னவென்றால், அந்தப் பொசுபரசில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பைற்றேற்று என்ற சேர்வையாகப் பூட்டியிருக்கிறது. தானியம் தன் முளைக்குத் தேவையான பொசுபரசை இப்படித்தான் சேமித்து வைக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியத்துக்கு பைற்றேசு என்று பெயர். பன்றியின் சிறுகுடலில் அது பேருக்குத்தான் உண்டு. எனவே காசு கொடுத்து வாங்கிய பொசுபரசு பூட்டைத் திறக்காமலே உள்ளே போய், திறக்காமலே வெளியே வருகிறது. அதை ஈடுசெய்ய நாம் டீ.சி.பி. என்ற பொசுபரசுத் தூளை இன்னுமொரு தடவை காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரே சத்துக்கு இரண்டு தரம் காசு!

பைற்றேற்று பொசுபரசை மாத்திரம் பூட்டுவதில்லை. கல்சியத்தையும், நாகம் என்று சொல்லும் உலோகச் சத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பன்றியின் தோல் தடித்து, வெடித்து, செதில் செதிலாகப் பொருக்குப் பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். சொறி என்று சொல்லி எண்ணெய் பூசுவார்கள். பூச்சியால் வரும் சொறியும் உண்டுதான். ஆனால் எண்ணெய்க்கும் மருந்துக்கும் மாறாத பொருக்கு நாகச் சத்துக் குறைவாக இருக்கலாம். 1955இல் அமெரிக்காவின் அலபாமாவில் டக்கர், சாமன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். தானியத் தீனும் அளவுக்கு மீறிய சுண்ணாம்பும் சேர்ந்தால் இந்த நோய் வரும். சிறிதளவு நாக உப்பு சேர்த்தால் மாறும். எமது கரையோரக் கிராமங்களில் எலும்புக்கு நல்லது என்று சிப்பிச் சுண்ணாம்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சுண்ணாம்பு கூடினால் பைற்றேற்றுப் பூட்டு இன்னும் இறுகும். நொதியத்தாலும் பிறகு அதைத் திறக்க இயலாது. கல்சியம் பொசுபரசுக்குச் சமமாக, அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதுமானது.

பைற்றேசு புதிய சரக்கு அல்ல. 1907இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதை முதன்முதலில் கண்டுபிடித்ததே அரிசித் தவிட்டில்தான். ஆனால் அரிசித் தவிட்டில் இருப்பது மிகக் கொஞ்சம். கோதுமைத் தவிட்டில் அதைப்போல் பல மடங்கு உண்டு. பூஞ்சணத்திலிருந்து பெருமளவில் எடுத்த பைற்றேசு 1991இல் நெதர்லாந்தில் முதலில் விற்பனைக்கு வந்தது. அங்குள்ள கமக்காரர் அதை வாங்கியது பன்றி பெருக்கவேண்டும் என்பதற்காக அல்ல. ஒரு சிறிய நாட்டில் அளவுக்கு மிஞ்சிய பன்றிகள். சாணியிலிருந்த பொசுபரசு வாய்க்கால்களையும் குளங்களையும் கெடுத்துவிட்டது. அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. அதிலிருந்து தப்புவதற்காகவே பைற்றேசு. இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்களுக்கு இருந்த காரணம் வேறு, எமக்கு இருக்கும் காரணம் வேறு. அங்கே நல்லது என்பதற்காக இங்கேயும் நல்லது என்று ஆகிவிடாது. இங்கே கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

பைற்றேசின் வலிமையை யூனிற் கணக்கில் சொல்வார்கள். வளரும் பன்றியின் தீனில் கிலோவுக்கு 500 யூனிற் என்பது வழமையான அளவு. கிராமுக்கு 5000 யூனிற் உள்ள தூளாயின் ஒரு தொன் தீனுக்கு 100 கிராம் போதும். (பொதிக்குப் பொதி வலிமை வேறுபடும். எழுத்தை வாசிக்காமல் அளக்கவேண்டாம்.) அந்த 100 கிராம் ஒரு தொன் தீனில் ஏறக்குறைய ஒரு கிலோ பொசுபரசைத் திறந்து விடுகிறது. டீ.சி.பி.யில் நூற்றுக்கு 18 பங்கு பொசுபரசு. ஆகவே ஒரு கிலோ பொசுபரசு என்பது ஐந்தரைக் கிலோ டீ.சி.பி.க்குச் சமம். முழுக் கணக்கும் இவ்வளவுதான். கடைக்குப் போய் இரண்டு விலைகளைக் கேளுங்கள்: 100 கிராம் பைற்றேசு என்ன விலை, ஐந்தரைக் கிலோ டீ.சி.பி. என்ன விலை? முதலாவது குறைவென்றால் வாங்கலாம். கூடவென்றால் வேண்டாம். இரண்டும் டொலருக்கு வருகிற சாமான்கள். எனவே போன மாதக் கணக்கு இந்த மாதத்துக்குச் சரிவராது.

இங்கே ஒரு கொடுமையைக் கவனியுங்கள். மூன்று பன்றி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ தீன், மாதம் 180 கிலோ. அதற்குத் தேவையான தூள் 18 கிராம். ஒரு கிலோப் பொதி வாங்கினால் நாலரை வருடத்துக்கு மேல் காணும்! அதற்கிடையில் எமது வெக்கையிலும் மாரிக் குளிரீரத்திலும் அதன் வலிமை போய்விடும். பிறகு வெறும் தூளைத்தான் கலந்துகொண்டிருப்போம். ஆனால் 30 குடும்பங்கள் சேர்ந்தால் மாதம் ஐந்து தொன்னுக்கு மேல் தீன், அரைக் கிலோவுக்குச் சற்று மேல் தூள். ஒரு பொதி இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். நிழலில், வாய் இறுக மூடிய போத்தலில் வைத்தால் பழுதாகாது. சங்கமாக வாங்கினால் மாத்திரம் லாபம் என்று நான் சொன்னது ஒற்றுமைப் பிரசங்கம் அல்ல. 18 கிராமுக்கும் அரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம்.

கலப்பதும் சங்கத்துக்குரிய வேலைதான். நூறு கிலோ தீனுக்குப் பத்துக் கிராம் என்றால் அது ஒரு சாப்பாட்டுக் கரண்டி அளவு. நேரே கொட்டிக் கிளறினால் ஒரு பன்றிக்கு எல்லாம், மற்றதுக்கு ஒன்றுமில்லை. முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, பிறகு அதைப் பத்துக் கிலோவில் கலந்து, கடைசியாக முழுவதிலும் கலக்கவேண்டும். நிறுப்பதற்கு நகைக்கடைத் தராசு ஒன்று சங்கத்தில் இருந்தால் நல்லது.

இன்னொன்று: பைற்றேசு போட்டால் டீ.சி.பி.யைக் குறைக்கவேண்டும். குறைக்காமல் இரண்டையும் போடுகிறவர் பணத்தையும் பொசுபரசையும் சாணிக் கிடங்கில் கொட்டுகிறார். விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்வதில்லை. "பன்றி பெருக்கும்" என்றுதான் சொல்வார். பொசுபரசு போதுமான தீனைத் தின்னும் பன்றி பைற்றேசினால் கண்ணுக்குத் தெரியப் பெருக்காது. தீன் செலவுதான் குறையும். லாபம் பன்றியின் முதுகில் அல்ல, உங்கள் மடியில்.

டீ.சி.பி. விலை என்பதற்காக எப்பாவல பொசுபேற்றுப் பசளையைப் பன்றிக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பாறைப் படிவு நல்ல பசளைதான். ஆனால் அதிலுள்ள புளோரீன் விலங்கின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

கொதிக்கிற பானைக்குள் நொதியம்

எமது வீடுகளில் பன்றிக்கு அவித்துக் கொடுப்பது வழக்கம். மரவள்ளிக் கிழங்கு, சந்தைக் கழிவு, மீன் தலை, கொஞ்சம் தவிடு, எல்லாம் ஒரு பரலில். மரவள்ளியின் நஞ்சு போக அவிக்கவேண்டும். சாப்பாட்டுக் கடைக் கழிவைக் கொடுப்பதானால் கட்டாயம் ஒரு மணித்தியாலம் கிளறிக் கிளறிக் கொதிக்கவைக்க வேண்டும். 2024இன் இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முறையாக எமது நாட்டில் உறுதிசெய்யப்பட்டது. அது வந்த கொட்டிலில் மருந்துக்கு வேலையில்லை. அவிக்காத இறைச்சிக் கழிவு அந்தக் கிருமியைக் கொண்டுவரும் வழிகளுள் ஒன்று. கழிவு கொடுக்காமலே விட்டால் இன்னும் பாதுகாப்பு.

ஆனால் நொதியம் கொதிநீரில் சாகும். அது ஒருவகைப் புரதம். முட்டை அவிந்து இறுகுவதைப்போல் அதுவும் கெட்டுப்போகும். கொதிக்கிற பரலில் தூளைப் போட்டுக் கிளறுவதும் காசை அடுப்பில் போடுவதும் ஒன்று. கை வைத்துத் தாங்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின்புதான் கலக்கவேண்டும். கொம்பனித் தீன் குளிசையாக வருவதிலும் இந்தப் பிரச்சினை உண்டு. குளிசை பிடிக்கும் இயந்திரத்தின் நீராவிச் சூடு 80 பாகையைத் தாண்டினால் பல நொதியங்கள் வலுவிழக்கும். ஆகையால் சூடு தாங்கும்படி மேற்பூச்சுப் பூசிய வகைகளைச் செய்திருக்கிறார்கள்.

தூள் வாங்க வழியில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கோதுமைத் தவிட்டில் பைற்றேசு நிறைய உண்டு என்று சொன்னேன். அரிசித் தவிட்டோடு அதில் ஒரு பங்கைச் சேர்த்து, மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கொஞ்சம் புளித்த கஞ்சித் தண்ணீரும் ஊற்றி மூடி வையுங்கள். சற்றுப் புளிப்பான நீரில் அந்த நொதியம் நன்றாக வேலை செய்யும். காலையில் ஊறவைத்ததை மாலையில் கொடுக்கலாம். தூள் செய்கிற அளவு செய்யும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் பூட்டில் ஒரு பகுதியைத் திறக்கும். எமது பெண்கள் தோசை மாவைப் புளிக்கவைக்கும்போது நடப்பதும் இதுபோன்ற வேலைதான். இரண்டு நாள், மூன்று நாள் என்று வைத்துவிடாதீர்கள். கண்ட கிருமியும் பெருகிப் புரதத்தின் நல்ல பகுதியைத் தின்றுவிடும். குளிசையாக அடித்த கோதுமைத் தவிடும் இதற்கு உதவாது. சூடு ஏற்கனவே நொதியத்தைக் கெடுத்திருக்கும்.

மற்றைய நொதியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைலனேசு, குளுக்கனேசு என்பவை தானிய நாரை வெட்டுபவை. கோதுமையும் வாற்கோதுமையும் தீனாக இருக்கும் நாடுகளில் அவற்றுக்கு மதிப்பு உண்டு. அங்கேயும் கோழிக்குத் தரும் பயன் பன்றிக்குத் தருவதை விடத் தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 தொடக்கம் வளர்ச்சிக்காக அன்ரிபயோற்றிக் போடுவது தடைசெய்யப்பட்ட பின் அவற்றின் விற்பனைக்கு நல்ல காலம். தேங்காய்ப் புண்ணாக்கின் சுவர்ப் பொருளை வெட்டும் மன்னனேசு எமக்குப் பொருத்தமானதுபோல் தோன்றும். பரிசோதனைகளின் பெறுபேறு ஒரு சீராக இல்லை. சில இடங்களில் பலன், சில இடங்களில் ஒன்றுமில்லை. கடன் எடுத்துப் பன்றி வளர்ப்பவர் அந்தப் பரிசோதனையைத் தன் செலவில் செய்யவேண்டியதில்லை. பல நொதியம் கலந்தது என்று பெரிய எழுத்தில் போட்டு, எது எத்தனை யூனிற் என்று எழுதாத பொதிகளைத் தொடவே வேண்டாம்.

எந்தத் தூளும் செய்யாத வேலை

ஆலையில் தவிடு என்று தருவதில் பாதி உமியாக இருப்பதுண்டு. ஒரே தடவையில் குற்றும் சிறு ஆலைகளில் உமியும் தவிடும் ஒன்றாகத்தான் வரும். உமி மண் போன்ற சிலிக்காவும் மரம் போன்ற நாரும் சேர்ந்தது. உலகத்தில் எந்தத் தீன் நொதியமும் அதைக் கரைக்காது. ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு பிடி தவிட்டைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நல்ல தவிடு நனைந்து கீழே போகும். உமி மேலே மிதக்கும். மிதப்பதற்கு நீங்கள் கொடுத்த காசு எவ்வளவு என்று பாருங்கள். பைற்றேசு மிச்சப்படுத்தும் காசை இந்த உமி ஒரு கிழமையில் தின்றுவிடும்.

அடுத்தது காறல். தவிட்டிலேயே எண்ணெயைக் கெடுக்கும் ஒரு நொதியம் உண்டு. நெல்மணிக்குள் எண்ணெயும் அந்த நொதியமும் தனித்தனியே இருக்கும். குற்றும்போது இரண்டும் சந்தித்துவிடும். பச்சையரிசித் தவிடு சில நாட்களிலேயே காறத் தொடங்குவது அதனால்தான். காறின தவிட்டைப் பன்றி குறைவாகத் தின்னும், உயிர்ச்சத்தும் கெடும். புழுங்கல் நெல்லை அவிக்கும்போது அந்த நொதியம் செத்துவிடுகிறது. ஆகவே புழுங்கல் தவிடு பல நாள் நிற்கும். வன்னியில் புழுங்கல் ஆலைக்குப் பஞ்சமில்லை; அந்தத் தவிட்டைத் தேடி வாங்குங்கள். வளரும் பன்றியின் தீனில் தவிடு நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பால்குடி மறந்த குட்டிக்கு அதிலும் எவ்வளவோ குறைவு.

மூன்றாவது புரதம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் கொடுத்து வளர்க்கும் பன்றிக்கு லைசின் என்ற அமினோ அமிலம் போதாது. எள்ளிலும் தேங்காயிலும் அது குறைவு. நொதியம் இருப்பதைத் திறக்கும், இல்லாததை உண்டாக்காது. லைசின் குறைந்த தீனில் எத்தனை வகைத் தூளைக் கொட்டினாலும் பன்றி சதை பிடிக்காது. கொழுப்புத்தான் பிடிக்கும். எமது கரையோரத்தில் இதற்கு மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மீன் கழிவு, அவித்து உலர்த்திய சிறு மீன், இறால் தலை. மீனில் லைசின் நிறைய உண்டு. அதன் முள்ளில் பூட்டு இல்லாத பொசுபரசும் கல்சியமும் உண்டு. மீன் நன்றாகக் கிடைக்கும் மன்னார்க் கரைக் குடும்பத்துக்கு அந்தப் பருவத்தில் பைற்றேசு தேவையே இல்லை என்று துணிந்து சொல்வேன். கருவாட்டுக் கழிவானால் உப்பைக் கழுவிக் கொடுக்கவேண்டும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும். உப்புக் கூடித் தண்ணீர் குறைந்தால் பன்றி வலிப்பு வந்து சாகும். கரைக்கு எட்டாத உள்ளூர்க் குடும்பத்துக்குச் சோயாவும், சங்கத்தால் இயலுமானால் லைசின் தூளும்.

வாழ்வாதார உதவி என்று பன்றிக் குட்டிகளைக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் பொதியை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்கு இரண்டு குட்டி, ஒரு மூடை தீன், ஒரு போத்தல் உயிர்ச்சத்து, பளபளப்பான ஒரு நொதியப் பொதி. அந்த மூடை தீன் ஒரு மாதத்திற்குக்கூடக் காணாது. பிறகு ஐந்து மாதம் அந்தக் குடும்பம் எதைக் கொடுக்கும் என்ற கணக்கு எங்கேயும் எழுதப்படவில்லை. கோரைப் புல்லும் உமித் தவிடும் தின்ற பன்றிக்கு அந்தப் பொதியில் என்ன இருந்தால் என்ன? உதவி செய்கிறவர்களிடம் நாம் தூள் கேட்கவேண்டியதில்லை. ஆறு மாதத் தீனுக்குச் சுழற்சிக் கடனும், சங்கத்துக்கு ஒரு தீன் கலக்கும் கொட்டகையும் ஒரு தராசும் கேட்கவேண்டும். காணி திரும்பக் கிடைக்கும்வரை எமது தவிடு ஆலையில்தான் விளைகிறது. அதைச் சரியான விலைக்கு மொத்தமாக வாங்கும் பலம் சங்கத்துக்கு வேண்டும்.

சாணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே கொட்டுவது கிணற்றுக்கு இறங்க நெடுநாள் செல்லாது. பன்றிக்குச் சமிக்காத புரதம் சாணியிலும் சலத்திலும் போய், நைத்திரேற்றாகிக் குடிநீரில் சேரும். நெருக்கமான குடியிருப்பில் கிணறு எல்லோருக்கும் பொது. பன்றியை விரும்பாத அயலவரும் அதில்தான் குடிக்கிறார்கள். தீனை அளவோடும் சரியான கலவையிலும் கொடுத்தால் கிடங்குக்குப் போவது குறையும். பைற்றேசு போட்டு டீ.சி.பி.யையும் குறைத்தால் சாணியின் பொசுபரசு மூன்றில் ஒரு பங்களவு குறையக்கூடும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் தூள் நல்லதா கெட்டதா என்ற சந்தேகம் இருந்தால் சங்கமே பரிசோதித்துப் பார்க்கலாம். ஒரே தாயின் குட்டிகளில் ஒத்த நிறையுள்ள ஆறைத் தெரிந்து, மூன்று மூன்றாக இரண்டு கூட்டில் விடுங்கள். இரண்டுக்கும் ஒரே தீன். முதற் கூட்டுக்கு வழமையான டீ.சி.பி.; இரண்டாவதுக்கு நூறு கிலோ தீனில் டீ.சி.பி.யை 550 கிராம் குறைத்துப் பத்துக் கிராம் பைற்றேசு. சுண்ணாம்பைக் கூட்டவேண்டாம். கிழமைக்கு ஒருமுறை நிறை பாருங்கள். தராசு இல்லாவிட்டால் தையல்காரரின் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, வருவதை 69.3ஆல் பெருக்கினால் கிலோ நிறை வரும். சுற்றளவு 0.90 மீற்றர், நீளம் 0.95 மீற்றர் என்றால் 53 கிலோவுக்குச் சற்று மேல். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.

கால்கள் நேராக நிற்கின்றனவா, தோல் எப்படி, தின்றது எத்தனை கிலோ, தீனுக்குப் போன காசு எவ்வளவு என்பவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கால்நடை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இடையில் ஒரு தடவை வந்து பார்ப்பார். அறுபதாம் நாள் அந்தக் கொப்பியோடு சங்கக் கூட்டத்தைக் கூட்டுங்கள். விற்பனைப் பிரதிநிதியையும் அன்றைக்கே வரச் சொல்லலாம்.